ஆட்டின் ஏழு

வித்தைப் புத்தகங்கள் எல்லாம்
கோட்டுப் போட்ட ஆண்களுக்கு எழுதியவை.
இடது உள்பையில் முட்டை,
வலது பையில் கைலேஞ்சி என்று
கைக்கு வழி சொல்லும்.
எனக்கிருந்தது ஆறு யார் சேலை.
ஒரு பை இல்லை.
கொசுவத்தின் மூன்றாம் மடிப்பில்
முட்டை ஒன்று தங்கிப் பழக
ஒன்றரை வருடம் போனது.
நடந்தால் விழும். சிரித்தால் விழும்.
விழாமல் நின்ற கிழமை
பார்மசியில் மாத்திரை எண்ணுகையில்
விரல்கள் தம்பாட்டில் ஒன்றை ஒளித்தன.
திரும்ப எண்ணிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றேழு. உவர்மலைச் சோதனைச் சாவடி.
பெட்டியைத் திறந்தான், வெறுமை.
குலுக்கினான்,
உள்ளே எதுவோ உருண்டது.
வெறும் பெட்டிக்குள் சத்தம் கேட்டால்
அந்த நாட்களில் அதற்குப் பெயர் வித்தை இல்லை.
எனக்குத் தெரிந்தது மருந்துச் சீட்டுச் சிங்களம்:
காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
அதை வைத்து ஒரு இரகசியத்தை
எப்படிச் சொல்ல?
கையால் சொன்னேன்.
கள்ளத் தட்டைத் தள்ளினேன்,
மர முட்டை எழும்பி வந்தது.
மூன்று தரம் செய்யச் சொன்னான்.
நாலாம் தரம் துவக்கைத் தோளில் கொளுவிவிட்டு
மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டு
தானே செய்தான்.
பிழையாய்த்தான் செய்தான். என்றாலும்
மற்றவன் வாய் பிளந்தான்,
எப்படி எப்படி என்று கேட்டான்.
இவன் சொல்லவில்லை.
என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டி
அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான்.
என் முதல் மாணவன்.
பெயர் கேட்கவில்லை.

ஆளை மறைக்கும் பெட்டி என்னிடம் இல்லை.
செய்யத் தெரியும்.
கொழும்பில் ஒருவர் பாதி விலைக்குத் தரவும் இருந்தார்.
இங்கே எந்த மண்டபத்திலும்
அதற்குக் கைதட்ட மாட்டார்கள்.
எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில்
ரியூசன் கொட்டிலில் கணக்குப் பாடம் முடிந்தபின்
மூன்று பேர் வருகிறார்கள்.
ஆஸ்பத்திரி லாபில் இரத்தம் எடுக்கும் றிஸ்மியா,
ஓட்டோ ஓடும் யோகதாசன்,
துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்ந்த
குலவீரசிங்கம், என்னிலும் பதினெட்டு வயது மூப்பு.
விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய்.
காசு என்னவோ மறைகிறது,
முகம்தான் ஒவ்வொரு தடவையும்
மன்னிப்புக் கேட்டுவிடுகிறது.
கண்ணாடிக்கு முன் பழகுங்கோ என்றேன்.
அடுத்த கிழமை வந்து சொன்னார்:
"வீட்டில அந்தமாதிரி வருது மிஸ்.
எனக்கே தெரியேல்லை."
தெரியாது.
களவு நடக்கும் நொடியில்
கண் தானாக மூடிக்கொள்ளும்.
நானும் பத்து வருடம்
எனக்கு நானே கைதட்டியிருக்கிறேன்.
"அப்ப ஆர் மிஸ் பார்க்கிறது?"
என்றாள் றிஸ்மியா.
யாரோ எழுதிவிட்டுப்போன இருபடிச் சமன்பாட்டை
மெதுவாக, மிக மெதுவாக
அழித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் டச்சுக் குடாக் கடற்கரையில்
ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். ஏழு வயது.
அவள் இழுத்த சீட்டும் ஆட்டின் ஏழு,
இழுக்க வைத்தது நான்.
பாயில் கவிழ்த்து வைத்து
மூன்றுவரை எண்ணச் சொன்னேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
ரெண்டில் அதைக் கவ்வியது.

பிள்ளைகள் எழும்பி நின்று தட்டினார்கள்.
மானின் வாயிலிருந்து, காதிலிருந்து, வாலிலிருந்து
எங்கிருந்தாவது வரும் என்று
அதன் பின்னாலேயே ஓடினார்கள்.
தாய் தகப்பனும் எட்டிப் பார்த்தார்கள்.
கேக் பெட்டிக்குள் போகவேண்டிய இன்னொரு ஏழு
மூன்றாம் மடிப்பில் வியர்த்துக் கிடந்தது.
ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை.
முப்பது வருடம் நான் கேட்டது
அந்த ஒரு நிமிடத்தைத்தான்.
கை அசையவில்லை.

காசை வாங்கினேன், கும்பிட்டேன்.
சனிக்கிழமை வகுப்பில் சொன்னபோது
குலவீரசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார்:
"ஆட்டின் ஏழை மான் திண்டிட்டுது!"
பிறகு கேட்டார்,
முகத்தில் துளி மன்னிப்பும் இல்லாமல்:
"மானை எப்பிடி மிஸ் பழக்கினீங்கள்?"

நான் சொல்லவில்லை.